கைப்பை எடையும் கடைசி நேரக் கட்டணமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர், விமான நிலையக் கவுன்ட்டரில் எடை கூடிவிட்டதென்று பெட்டியைப் பிரித்து, கருவாட்டுப் பொட்டலத்தை வாசலில் நிற்கும் உறவினரிடமே திருப்பிக் கொடுக்க நேர்கிறது. சாதாரண வகுப்பில் கைப்பைக்குப் பெரும்பாலான இந்திய நிறுவனங்கள் 7 கிலோவே அனுமதிக்கின்றன. சக்கரம் வைத்த காலிப் பெட்டியே 2 கிலோவுக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால், என்னைக் கேட்டால் துணிப்பையே மேல். நீள அகலமும் பார்ப்பார்கள். கைப்பிடியும் சக்கரமும் அக்கணக்கில் சேரும். கூடுதல் எடைக்கு இணையத்தில் முன்பே பணம் கட்டுவது, கவுன்ட்டரில் கட்டுவதைவிடப் பொதுவாக மலிவு. பயண முகவர்கள் இவ்விதிகளைத் தமிழில் அச்சிட்டு, டிக்கெட்டுடன் இணைத்துத் தர வேண்டுகிறேன்.

– வாசகர், கீழக்கரை