"படித்த பள்ளி"யில் மறைந்திருக்கும் "இல்": ஆங்கிலப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி ஆங்கிலப் பாடநூல் குழுவினருக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

தமிழ்வழி மாணவர்களுக்கு நெடுங்காலமாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். "ஹூ", "விச்" போன்ற ரிலேட்டிவ் புரோநவுனோடு "இன்", "வித்" போன்ற பிரிப்போசிஷன் சேர்ந்து வரும் இடம் என்னும் ஒரே ஓர் இலக்கணப் பகுதியைப் பற்றியே இந்த மடல். மற்ற இடங்களில் நன்றாக எழுதும் பிள்ளைகளும் இங்கே தொடர்ந்து இடறுகிறார்கள். அதற்குக் காரணம் கவனக்குறைவு அன்று என்பதையும், அவர்களுக்கு உதவ வேண்டிய பாடம் வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரையில் "தி பென் விச் ஐ ரோட் தி எக்ஸாம்" என்று இருந்தது. சிவப்பு மையில் வட்டமிட்டு, மேலே "வித்" என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வழக்கம். அன்று அவளை அருகில் அழைத்து, என்ன சொல்ல நினைத்தாய் என்று தமிழில் கேட்டேன். "நான் பரீட்சை எழுதின பேனா, சார்" என்றாள். அந்தத் தமிழில் ஒரு குறையும் இல்லை. பேனாவால்தான் எழுதினாள், ஆனால் "ஆல்" அந்தத் தொடரில் எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது. தன் மொழியில் இல்லாத ஒன்றை அவள் ஆங்கிலத்திலும் எழுதவில்லை, அவ்வளவே.

"எழுதின" என்பதைப் போலப் பெயர்ச்சொல்லைத் தழுவி நிற்கும் எச்சவினையான பெயரெச்சத்தின் இயல்பு இது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறு பொருளுக்கும் "செய்யும்", "செய்த" என்னும் சொற்கள் ஒரே விதமாக உரியவை என்று தொல்காப்பியமே வகுத்துச் சொல்கிறது. படித்த மாணவன், படித்த புத்தகம், படித்த பள்ளி, படித்த ஆண்டு, கண்ணாடி போட்டுப் படிக்கும் தாத்தாவுக்குப் படிக்கிற கண்ணாடி என எல்லாவற்றுக்கும் உருபு ஏதும் வேண்டாமல் எச்சம் மட்டுமே போதும். உறவு என்னவென்று கேட்பவர் தாமே அறிந்துகொள்வார். ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. மாணவனுக்கு "ஹூ", புத்தகத்துக்கு "விச்", பள்ளிக்கு "இன் விச்", கண்ணாடிக்கு "வித் விச்" என்று உறவை வெளிப்படையாகச் சொல்லியே தீர வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு பக்கத்தில் விளக்கிவிட்டால், பின்வரும் பயிற்சிகளில் பாதி தேவைப்படாது.

வகுப்பில் எனக்குக் கைகொடுத்த வழி இதுதான். பெயரெச்சத்தை வினைமுற்றாக மாற்றிச் சொல்லச் சொல்வேன். "நான் தங்கிய வீடு" என்பது "வீட்டில் தங்கினேன்" ஆகும்போது மறைந்திருந்த "இல்" வெளியே வந்துவிடும். அதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்பதே அடுத்த கேள்வி. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் உருபு, பிரிப்போசிஷன் இருக்குமோ என்று பார்க்கச் சொல்லும் அடையாளம் மட்டுமே. முடிவு ஆங்கில வினைச்சொல்லின் கையில் இருக்கிறது. "கல்லூரியில் சேர்ந்தேன்" என்பதை நம்பி "தி காலேஜ் இன் விச் ஐ ஜாயிண்ட்" என்று எழுதுகிறார்கள். "ஜாயின்" என்ற வினைக்கு அங்கே "இன்" வேண்டியதில்லை. "பாட்டைக் கேட்டேன்" என்பதில் "ஐ" உருபு மட்டும் இருப்பதால் "தி சாங் விச் ஐ லிசன்ட்" என்று விட்டுவிடுகிறார்கள். "லிசன்" என்ற வினைக்கோ "டு" இல்லாமல் ஆகாது. வினைச்சொல்லையும் அதற்குரிய பிரிப்போசிஷனையும் ஒரே சொல்லைப் போலச் சேர்த்து மனத்தில் பதிய வைக்கும் பட்டியல் ஒன்று நம் பாடநூலின் பின்பக்கத்திலாவது இடம்பெற வேண்டும்.

அடுத்தது விடைக்குறிப்பு பற்றிய என் முறையீடு. "தி ஹவுஸ் விச் ஐ லிவ் இன்" என்று எழுதிய பிள்ளைக்கு, வாக்கியம் பிரிப்போசிஷனில் முடியக்கூடாது என்று சொல்லி மதிப்பெண் மறுக்கப்பட்டதை விடைத்தாள் திருத்தும் அறையில் நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1672-இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்று பிரிப்போசிஷனில் முடிவதைக் குறையாகச் சொன்னார். 1668-இல் வெளிவந்த தம் கட்டுரையையே 1684-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கேற்பத் திருத்திக்கொண்டார். 1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், பேச்சுக்கும் எளிய நடைக்கும் அப்படி முடிப்பது பொருந்தும் என்றும், முன்னால் வைப்பது உயர்நடைக்கு ஏற்றது என்றும் கூறினாரேயன்றிப் பிழை என்று தள்ளவில்லை. 1926-இல் ஆங்கிலச் சொல்வழக்கு நூல் எழுதிய ஃபௌலர் அந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதினார். "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்" என்பது முறைசார்ந்த எழுத்துக்கு. "தி ஹவுஸ் ஐ லிவ் இன்" என்பது அன்றாட ஆங்கிலம். இரண்டுமே சரி.

உண்மையான பிழைகள் வேறு. பிரிப்போசிஷனை முன்னால் வைத்தால் அதன்பின் "விச்", "ஹூம்" அல்லது "ஹூஸ்" வரும். "இன் தட்" என்றோ "டு ஹூ" என்றோ எழுத இயலாது. முன்னும் பின்னும் இருமுறை வைத்து "இன் விச் ஐ லிவ் இன்" என்று எழுதுவதும், "வேர்" என்ற சொல்லே போதுமான இடத்தில் "வேர் ஐ லிவ் இன்" என்று சேர்ப்பதும் தவறு.

முன்னால்தான் வைக்க வேண்டும் என்று வலியுறுத்துவதால் இன்னொரு தீங்கும் விளைகிறது. விதியை நம்பிய மாணவன் ஒருவன் "தி கிராண்ட்மதர் ஆஃப்டர் ஹூம் ஐ லுக்" என்று எழுதியிருந்தான். நோயுற்ற பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை அவன். "லுக் ஆஃப்டர்" என்பது பிரிக்கக்கூடாத இணைச்சொல் என்று அவனுக்கு யாரும், நான் உட்பட, அதுவரை சொல்லித் தரவில்லை. சொன்னபடி எழுதியவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, அடுத்த பதிப்பில் இந்தப் பாடத்தைப் பெயரெச்சத்தோடு ஒப்பிட்டுத் தொடங்குமாறும், "இரு வாக்கியங்களை இணைக்க" என்ற வினாவுக்கு இருவகை விடைகளையும் ஏற்கலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக்கான தமிழ்த் தொடர்களைத் தொகுத்துத் தருவதற்கு என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
தமிழ்வழிப் பள்ளி ஆங்கில ஆசிரியர் ஒருவர்