கிழித்துப் போட வேண்டிய கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலிக்கு நான் போன மாதம் எழுதிய இரண்டு பக்க யோசனையைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், அடுத்த வாரம் டாக்டரிடம் அதைக் காட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. தயவுசெய்து காட்டிவிடாதே. காரணத்தைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஒன்பது வயது. "தாத்தா, ஒரு சைக்கிள் வரைந்து கொடுங்கள்" என்றாள். இதென்ன பெரிய காரியம் என்று பென்சிலை வாங்கினேன். இரண்டு வட்டம், நடுவில் கம்பிகள், சீட்டு, ஹேண்டில்பார், பெடல். கடைசியாகச் செயினை இரண்டு சக்கரங்களையும் சுற்றி மாட்டினேன். அவள் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஹேண்டில்பாரைத் திருப்பினால் செயின் முறுக்கிக்கொள்ளாதா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது பழைய காலத்து மாடல்" என்றேன்! நீ சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாயே, அந்தச் சைக்கிள். செயின் கழன்று, கை முழுக்கக் கிரீஸோடு எத்தனை நாள் வேலைக்குப் போய் நின்றிருக்கிறேன்!

படம் தப்பாகப் போனதில் வருத்தமில்லை. அதற்குக் கூட்டாளிகள் நிறைய. 2006-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரெபெக்கா லாசன் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். செயினை இரண்டு சக்கரத்துக்கும் மாட்டியவர்கள் பலர். தவறாமல் சைக்கிள் ஓட்டுகிறவர்களிலும் சிலர் தப்பவில்லை. அதற்கு முன்பே, 2002-இல், யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கைல் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும், ஏழுக்கு எத்தனை மதிப்பெண் போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டார்கள். பிறகு விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தவர்கள் தாங்களே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். நாடுகளின் தலைநகரங்களைக் கேட்டபோது இவ்வளவு சரிவு இல்லை. அது நியாயம்தான். தலைநகரம் தெரியாவிட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஜிப்போ தினமும் இழுத்த இழுப்புக்கு வருகிறது, அதனாலேயே அதை அறிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இதை மன்னிக்கலாம். தெரியாதது என்று தெரியாமலே இருந்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் "பழைய காலத்து மாடல்" என்றேனே, அது வேறு ரகம். அதுதான் இந்தப் பத்து நாளாக என்னைக் குடைகிறது.

போன வருடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். மூன்றாவது வாக்கியத்திலேயே நான் தொலைந்துபோனேன். தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். "இல்லை சார், தெளிவாகப் புரிந்துவிட்டது." வீட்டுக்கு வந்ததும் மனைவி, "காலையிலா, ராத்திரியிலா?" என்று கேட்டாள். மாத்திரை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்கிற குரலில், "ராத்திரி" என்றேன். காலையில் என்று பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நாலு பேர் முன்னால் உடுப்பில்லாமல் நிற்பதுபோல் இருக்கிறது. கையில் கிடைத்த துணியை இழுத்துச் சுற்றிக்கொள்கிறோம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் 1970-களின் பிற்பகுதியில், "1975-ஆம் ஆண்டுப் பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டுமா?" என்று ஆய்வாளர்கள் மக்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கருத்துச் சொன்னார். நான் அங்கே இருந்திருந்தால் இரண்டு பக்கம் எழுதியே கொடுத்திருப்பேன்.

உன் முழங்காலுக்கு நான் செய்தது அதைத்தான். அறுவைச் சிகிச்சை வேண்டவே வேண்டாம், பயிற்சி செய்தால் குருத்தெலும்பு தானே சரியாகிவிடும் என்று அடித்து எழுதியிருக்கிறேன். அந்தக் குருத்தெலும்பு முழங்காலில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். என் மைத்துனர் அறுவை செய்துகொள்ளாமல் நன்றாக நடக்கிறார் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவருக்கு வந்தது என்ன கோளாறு என்றுகூட நான் விசாரித்ததில்லை. நீ நம்பிக் கேட்டாய். "எனக்குத் தெரியாதப்பா" என்று ஒரே வரியில் எழுதினால் கடிதம் நன்றாக இருக்காதே என்று பட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிடு.

பள்ளியில் கணக்கு வகுப்பில் நீ எழுந்து, "புரியவில்லை சார், மறுபடியும் சொல்லுங்கள்" என்பாய். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்கும் புரிந்திருக்காது, நீ கேட்ட புண்ணியத்தில் இரண்டாவது தடவை கவனித்துக்கொள்வேன். அடுத்த வாரம் டாக்டரிடமும் அப்படியே கேள். அவர் சொன்னதை எனக்கும் எழுது.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். பேத்தி ஊருக்குக் கிளம்பும்போது நான் வரைந்த படத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் அடியில், "பழைய காலத்து மாடல்" என்று அழகாக எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், அப்போது சொல்லிவிட வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்