உரக்கடைக்காரர்களுக்கு ஒரு மடல்: முதலில் சிலந்தியை எண்ணுவோம்

டெல்டாவில் உரக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போன சம்பாவில் என் நெல் வயலில் புகையான் விழுந்தது, பயிரின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. கடைக்கு ஓடினேன், ஒரு பாட்டில் கொடுத்தார்கள், அடித்தேன். சில நாளில் மறுபடியும் வந்தது. வேறு கடை, வேறு பாட்டில். அப்புறம்தான் கண்ணாடி போட்டு லேபிளைப் படித்தேன். இரண்டிலும் ஒரே டெக்னிக்கல், அதாவது பூச்சியைக் கொல்லும் மூலமருந்து ஒன்றேதான்: இமிடாகுளோபிரிட். பெயர்தான் வேறு. படிக்காமல் அடித்தது என் தப்பு. ஆனால் ஏற்கெனவே என்ன அடித்தாய் என்று கடையிலும் யாரும் கேட்கவில்லை.

புகையான் நம்மைவிட விவரமானது. தீனி நன்றாக இருக்கும்வரை குட்டை இறக்கையோடு வளரும். பறக்காமல் அந்தத் தெம்பையெல்லாம் முட்டையில் போடும். கூட்டம் பெருகிப் பயிர் நொந்தால், அடுத்த தலைமுறை நீள இறக்கையோடு வந்து வேறு வயலுக்குக் கிளம்பிவிடும். முட்டையை இலையுறைக்குள் செருகி வைப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதே அபூர்வம். 1973-இல் ஐஆர் 26 என்ற, புகையானைத் தாங்கும் நெல் ரகம் பிலிப்பைன்ஸில் வெளிவந்தது. இரண்டு மூன்று வருடத்திலேயே அதையும் தின்னும் புகையான் தயாராகிவிட்டது. 2000-களின் நடுவில் ஆசியாவின் பல இடங்களில் இமிடாகுளோபிரிடுக்கும் அதே கதிதான்.

நாமோ, பக்கத்து வயலில் ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலே பாட்டிலைத் தேடுகிறோம். அதில் முதலில் சாவது ஓநாய்ச் சிலந்தியும், புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும். காவல் போனபின் மிச்சமிருக்கும் புகையானுக்குக் கல்யாணச் சாப்பாடு. இந்தோனேசியா இதில் நன்றாக அடிபட்டு, 1986-இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று நிறுத்தியது. மருந்துக்குத் தந்த மானியத்தையும் படிப்படியாக எடுத்துவிட்டது. அதனால் அங்கே நெல் உற்பத்தி ஒன்றும் சரிந்துவிடவில்லை.

உங்கள் பாடும் தெரியும். பாட்டிலைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு அறுவடைவரை காத்திருக்கிறீர்கள். விற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எடுத்துக் கொடுக்கும் முன் தூருக்கு, அதாவது கிளைத்த ஒரு தண்டுக்கு, எத்தனை பூச்சி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்று இருந்தால் மருந்து. பல தூர் சேர்ந்த ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். வேளாண்மைத் துறையின் கணக்கிலேயே சிலந்திக்கு இடம் இருக்கிறது. தண்ணீரை வடித்தாயா, எட்டடிக்கு ஓரடி நடாமல் பட்டம் விட்டாயா, யூரியாவை அள்ளிக் கொட்டினாயா என்றும் கேளுங்கள். பில்லில் டெக்னிக்கல் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். மறுமுறை வந்தால் அந்த பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

எண்ணாமல் வந்து நிற்பவன் நானாகவே இருந்தாலும் வயலுக்குத் திருப்பி அனுப்புங்கள். கோபப்பட மாட்டேன். பழைய பாக்கியை அறுவடை முடிந்ததும் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடனாளிகளில் ஒருவன்