‘இல்லை’ என்றாவது சொல்லுங்கள்

ஆஸ்திரேலிய மாநிலங்களின் நாமினேஷன் அலுவலகங்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்களில் ஓர் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்த நிதியாண்டில் விசாவுக்கு மாநிலம் பரிந்துரைக்கும் (நாமினேஷன்) இடங்களில் ஏற்கெனவே மாநிலத்தில் குடியிருந்து வேலை பார்ப்பவர்களுக்கே முன்னுரிமை. வெளிநாட்டிலிருந்து பதிவு செய்தவர்களின் பொறுமைக்கு நன்றி. அவ்வளவுதான் செய்தி. எந்த மாநிலம் என்று சொல்லி ஒருவரை மட்டும் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை. பொறுமைக்கு நன்றி சொல்லும் பழக்கம் உங்கள் எல்லோருக்குமே இருக்கிறது.

190 என்பது உங்கள் பரிந்துரையோடு கிடைக்கும் நிரந்தர விசா, 491 என்பது வட்டாரப் பகுதிகளுக்கான தற்காலிக விசா என்று உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்களைக் கூப்பிடப் போவதில்லை என்றால், ‘இல்லை’ என்று எழுதி அனுப்புங்கள். கேட்க வந்தது இது ஒன்றுதான்.

நான் சிங்கப்பூரில், ஜூரோங் வட்டார ரயில்பாதைக் கட்டுமானத்தில் வேலை பார்க்கும் சிவில் இன்ஜினியர். எம்பிளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறேன். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினர் ஆவதற்கு வெகுமுன்பே பட்டம் வாங்கிவிட்டவன். அதனால் என் படிப்பு அப்படியே செல்லாது. மூன்று திட்டங்களில் நான் என்னென்ன செய்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதிக் காட்டித்தான் தொழில் மதிப்பீட்டில் தேறினேன். வேலை முடிந்து வந்து, பிள்ளை தூங்கிய பிறகு எழுதியவை அவை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வருகிறவனின் தகுதியை ஒரு நாடு சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது விசாவுக்கான என் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுபவத்துக்கு 15, என் ஆங்கிலத்துக்கு 10, மனைவியின் ஆங்கிலத்துக்கு 5. ஆக 70. வருகிற ஜனவரியில் எனக்கு 40 வயது. அன்றைக்கு வயதுக்கான 25 புள்ளி 15 ஆகிவிடும். மொத்தம் 60. விண்ணப்பிக்கவே குறைந்தது 65 வேண்டும். அதாவது, முந்தின நாள் இரவு வரை தகுதியோடு தூங்கப் போனவன், காலையில் உங்கள் தயவு இல்லாமல் ஒன்றுமில்லாதவனாக எழுந்திருப்பேன். 190-க்கு நீங்கள் கொடுக்கும் 5 புள்ளியைச் சேர்த்தால் சரியாக 65. 491 என்றால் 15 சேர்ந்து 75. யாரைக் கூப்பிடுகிறார்கள், யாரைக் கூப்பிடுவதில்லை என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அந்த 65-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. எட்டு வருட அனுபவத்தை மெச்சி 15 புள்ளி கொடுக்கிற அதே கணக்கு, அந்த அனுபவம் சேர்வதற்குள் ஏறிப்போன வயதுக்காக 10 புள்ளியைப் பிடுங்கிக்கொள்கிறது. அதைவிட எரிச்சல் தருவது வேறு. எங்கள் விருப்பப் பதிவுகளை வைத்திருக்கும் உங்கள் நாட்டு அரசின் கணினி அமைப்பான ஸ்கில்செலக்ட், என் பிறந்தநாளன்று தானாகவே புள்ளியைக் குறைத்துவிடும். யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, பட்டன் தட்ட வேண்டியதில்லை. 2012-இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு, உலகத்தின் எந்த மூலையில் யாருக்கு எப்போது வயது கூடுகிறது என்று துல்லியமாகத் தெரிகிறது. அவர்களுக்கு ‘உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று ஒரு வரி அனுப்பத்தான் யாருக்கும் தெரியவில்லை.

இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, சோறு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட ஆள் வராத பந்தி இது. எழுந்து போகவும் மனசு வரவில்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் மூன்று வருடம்தான் செல்லும். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து மறுபடி பணம் கட்டி எழுத வேண்டும். இங்கே டிபெண்டன்ட் பாஸில், அதாவது வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்கான அனுமதியில் இருப்பவர்கள் 2021 மே முதல் தனியாக வேலை பாஸ் எடுத்தால்தான் வேலை பார்க்க முடியும். ஆசிரியப் பயிற்சி முடித்த என் மனைவி, ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வருகிற வாய்ப்பையெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். மகளைத் தொடக்கநிலை ஒன்றில் சேர்க்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் பதிவு. அதற்கே விருப்பம் தெரிவிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்குப் போட்டால் வாடகையைக் குறைப்பதாகச் சொல்கிறார். நாங்கள் ஒரு வருடத்துக்கே கேட்டு, கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா பேசும்போதெல்லாம், “என்னப்பா, அந்த ஆஸ்திரேலியா விஷயம் என்னாச்சு?” என்கிறார். ‘இல்லைன்னு சொல்லிட்டாங்கம்மா’ என்றால் அவர் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு விட்டுவிடுவார். அதைச் சொல்லவும் எனக்கு வழியில்லை.

சிங்கப்பூரைப் பற்றியும் எங்களுக்குக் குறை உண்டு. நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பித்தால், மறுக்கும்போது காரணம் சொல்லமாட்டார்கள். ஆனால் பதில் என்று ஒன்று வரும். பிரித்துப் படித்து, ஒருநாள் சோறு இறங்காமல் இருந்து, மறுநாள் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அப்புறம், ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் பேசுவதையும் நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 2024 ஜூலையிலிருந்து ஐந்து வருடத்தில் 12 லட்சம் வீடு கட்டப் போவதாக உங்கள் நாடு இலக்கு வைத்திருக்கிறது. சிட்னியில் மெட்ரோ வெஸ்ட், மெல்பர்னில் புறநகர் ரயில் வளையம் என்று பூமியைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள். ரயில்பாதை கட்டத் தெரிந்தவன் இங்கிருந்து கையைத் தூக்கினால், ‘எங்கள் மாநிலத்தில் வேலை பார்த்திருக்கிறாயா?’ என்கிறீர்கள். வேலை கேட்டால், ‘விசா இருக்கிறதா?’ என்கிறார் முதலாளி. விசா கேட்டால் நாமினேஷன் கொண்டு வா என்கிறது சட்டம். நாமினேஷனுக்கு மறுபடி உங்களிடமே வருகிறேன். 20 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் பெர்த்தையே உங்கள் 491 கணக்கில் வட்டாரப் பகுதியாக்கி வைத்திருக்கிறீர்கள். அப்படி வளைந்துகொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் உடைக்கத் தெரியாதா? உங்கள் மௌனத்தால் இப்போது பிழைப்பது ஏஜெண்டுகள்தான். ஓட்டல் அரங்கில் தேநீர் கொடுத்து, ‘அடுத்த ரவுண்டில் உங்கள் தொழில் கட்டாயம் வரும் சார்’ என்கிறார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாதபோது, அவர்கள் சொல்வதை நம்பாமல் என்ன செய்வது?

சரி, மரியாதையோடு ஒன்று கேட்க உட்கார்ந்தவன் நான். அதற்கே திரும்புகிறேன்.

உங்கள் சிரமமும் புரிகிறது. கேட்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, கான்பெராவிலுள்ள மத்திய அரசு ஒதுக்கிக் கொடுப்பது கொஞ்சம்தான். அதையும் ஜூலையிலேயே கையில் கொடுத்துவிடுவதில்லை. உங்கள் மண்ணில் படித்து, வரி கட்டி வாழ்கிறவர்களுக்கு முதலிடம் கொடுப்பதிலும் நியாயம் இருக்கிறது. இடங்களைக் கூட்டச் சொல்லவில்லை. என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வருடம் இடம் உண்டா, எந்தத் தொழில்களுக்கு உண்டு என்பதை வாசலைத் திறக்கும் அன்றே சொல்லுங்கள். இல்லையென்றால் பதிவே வாங்காதீர்கள். கட்டணம் வசூலிப்பவர்கள் கட்டணமும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், நிதியாண்டு முடியும் ஜூன் 30-க்குள் ஒவ்வொருவருக்கும் உண்டு அல்லது இல்லை என்று பதில் அனுப்புங்கள். ‘தகுதிகளைப் பூர்த்தி செய்வது அழைப்புக்கு உத்தரவாதம் ஆகாது’ என்ற வாக்கியம் எங்களுக்கு மனப்பாடம். அதை இன்னொரு முறை அனுப்ப வேண்டாம்.

என் மின்னஞ்சல் முகவரி விருப்பப் பதிவிலேயே இருக்கிறது. வீட்டு ஒப்பந்தம் டிசம்பர் கடைசியில் முடிகிறது. அதற்கு முன் உங்கள் பதில் வந்தால், அது எதுவாக இருந்தாலும், வீட்டுக்காரரிடம் நான் ஒரு பதில் சொல்ல முடியும். தயவுசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு சிவில் இன்ஜினியர்