ஊதியத் தேதியும் ஊழியர் நலனும்: பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், பதவி வழியில் அக்குழுக்களில் இடம்பெறும் உயர்கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அண்மையில் எங்கள் வளாகத்தில் ஊழியர் நலனுக்கென யோகா வகுப்பும் மன அழுத்தம் பற்றிய கருத்தரங்கும் நடந்தன. டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை, தேவைப்படுவோர் இருக்கிறார்கள். ஆனால் கருத்தரங்கு முடிந்து வெளியே வந்தவர்களில் பலர் நேராக எங்கள் பிரிவுக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி: "பில் பாஸ் ஆகிடுச்சா சார்?" அந்த மாதச் சம்பளம் அதுவரை போடப்பட்டிருக்கவில்லை.

நெருக்கடியின் காரணங்களை நீங்கள் அறிவீர்கள். ஒரு காலத்தில் பல்கலைக்கழகங்களைத் தாங்கி நின்ற தொலைநிலைக் கல்வி வருவாய் வற்றிவிட்டது. ஓய்வூதியச் சுமையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய தடைகள், அதாவது கணக்குகள் மீதான ஆட்சேபங்கள், நிலுவையில் இருப்பதைக் காட்டி அரசு மானியம் குறைக்கப்படுகிறது. 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே 2024இல் வருமான வரி நிலுவைக்காக முடக்கப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் சம்பளத்துக்காகப் போராடியதைச் செய்தித்தாள்கள் எழுதின. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கால் துணைவேந்தர் இல்லாமல் பொறுப்புக் குழுக்களின் கீழ் இயங்கும் பல்கலைக்கழகங்களில் ஒரு கோப்பு எவர் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது என்பதைக் கண்டறியவே நாட்கள் கழிகின்றன.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சம்பளம் தாமதமாகும்போது ஓர் ஊழியரின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஆட்சிக்குழுக் கூட்டத்தில் எவரும் விரிவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆகவே அதைச் சொல்கிறேன். மாதம் 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை வங்கியில் திரும்புகிறது. அபராதம் விழுகிறது, கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் இறங்குகிறது. அடுத்த முறை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் கேட்டுப் போகும்போது மேலாளர் அந்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார். இதைவிடக் கொடியது பிடித்தம். சம்பளப் பட்டியலில் எல்ஐசி பிரீமியமும் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கக் கடன் தவணையும் கழிக்கப்பட்டிருக்கும்; கையில் நிகரத் தொகை மட்டும் எப்படியோ வழங்கப்பட்டிருக்கும்; பிடித்த தொகையோ நிதியில்லை என்ற காரணத்தால் உரிய இடத்துக்குச் செலுத்தப்படாமல் நிற்கும். சங்கம் வட்டி போடுகிறது, பாலிசி காலாவதியாகிறது. ஊழியர் தம் பங்கைக் கட்டிவிட்டார் என்பதற்கு எங்கள் பட்டியலே சான்று. ஆயினும் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்து, சம்பளத்தில் பிடிக்கும் தொகையும் ஓய்வுக்கால நிதியாகச் சேரும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதே தாமதம் முதுமைக்கால வருமானத்தையே அரிக்கும்.

கௌரவ விரிவுரையாளர்களின் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுப்புக்கு 1,500 ரூபாயும் மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாயும் என்று வகுத்தது. முனைவர் பட்டத்துடன் அதைவிட மிகக் குறைவான தொகுப்பூதியத்தில், கோடை விடுமுறைக்கு ஊதியமின்றி, அடுத்த ஆண்டு ஆணை வருமா என்று காத்திருப்பவர்கள் ஏராளம். தாமதம் நேர்ந்தால் அவர்களுக்குக் கைமாற்று தருவாரும் இல்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்கும்படி நான் கேட்பது இவைதாம். பிடித்தத் தொகைகள் பல்கலைக்கழகத்தின் பணமே அல்ல என்று தீர்மானித்து, அவற்றுக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வேறெந்தச் செலவுக்கும் தொடாமல் உரிய நாளில் செலுத்த வேண்டும். முழு ஊதியத்துக்கும் நிதி இல்லாத மாதத்தில், தினக்கூலிப் பணியாளர், தொகுப்பூதியர், குடும்ப ஓய்வூதியர் ஆகியோருக்கு முதலில் வழங்கிவிட்டு, உயர் ஊதியம் பெறுவோரைப் பின்னுக்கு வைக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டோம் என்றே நம்புகிறேன். தாமதம் உறுதியானால், 25ஆம் தேதிக்குள் நிதி அலுவலரின் கையொப்பத்துடன் எழுத்து மூலமான அறிவிப்பு வெளிவர வேண்டும். அதைக் காட்டித் தவணைக்கு அவகாசம் கேட்கவாவது ஊழியருக்கு வழி பிறக்கும். இம்மூன்றுக்கும் புதிதாக அரசு நிதி எதுவும் தேவைப்படாது.

செயலர் அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிதி நெருக்கடி காரணமாக 2013இல் அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபின், அங்கிருந்த மிகைப் பணியாளர்கள் பலர் குடும்பத்தை விட்டு வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். பிற பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய முடிவு வருமானால், பணி நிரவல் பட்டியலை இறுதியாக்குமுன் ஊழியர் சங்கங்களையும், உடல்நலக் குறைவுள்ளோரையும், தனித்து வாழும் பெண்களையும் அழைத்துக் கேளுங்கள். தணிக்கைத் தடைகளை நீக்க ஒரு காலவரையறை வகுத்து, அதுவரை ஊதியத்துக்கான மானியத்தை மட்டுமாவது நிறுத்தாமல் விடுவியுங்கள்.

இப்படிக்கு,
மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிதிப் பிரிவு ஊழியர்