எட்டாவது கழுந்து

முள்ளியவளை

அன்புள்ள மச்சான்,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் நோ. பெரியண்ணை இன்னும் அதே சைக்கிள், அதே கதை.

2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை, முதிரை மரத்துக் கதவு நிலை மட்டும் நின்றதே, ஞாபகமா? அதை அறுத்து மகளுக்குப் படிப்பு மேசை செய்கிறேன். நாலு சட்டத்துக்கு எட்டுக் கழுந்து, மேசைக் காலின் துளைக்குள் இறங்கும் முனைகள். ஏழும் றவுட்டரில், அதுதான் சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் மெசினில், வடிவாக வந்தன. எட்டாவதில், பிட் மறுவிளிம்பால் வெளியே வரும்போது 'டக்' என்றது. விரல் நீளச் சிலாம்பு ஒன்று தோளோடு, அதுதான் கழுந்து தொடங்கும் படியோடு, பிய்ந்து போனது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதிரையில் நார் ஒரு பக்கமாக ஓடாது. வெயிலில் பிடித்தால் வரி வரியாக மினுங்குகிறதே, அது நார் மாறி மாறிச் சாய்வதால்தான். கடைசி விளிம்பில் நாரைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஒன்றும் இல்லாவிட்டால் பிட் அதைத் தள்ளிப் பிய்த்துவிடும். முதல் ஏழுக்கும் கழிவுப் பலகை ஒன்றை அந்த விளிம்போடு இறுக்கித்தான் வெட்டினேன். இருட்டுகிறதே என்று கடைசிக்கு மட்டும் வைக்கவில்லை.

நீயும் றவுட்டர் வாங்கப் போகிறாயாம். ஐயாவின் மேசைக் காலை ஒடித்த அவசரக்காரன் நீ, அதனால் சொல்கிறேன். தோள் கோட்டைக் கத்தியால் ஆழமாகக் கீறிவிடு. நார் அந்தக் கோட்டோடு அறுந்து நிற்கும். ஒரே தரத்தில் முழு ஆழமும் இறக்காதே, மூன்று மில்லிமீற்றர் படியாக இறக்கு. சட்டத்தை அகலம் கூட வைத்து, கழுந்து வெட்டிய பிறகு சீவினால், விளிம்பு கொஞ்சம் பிய்ந்தாலும் சீவலோடு போய்விடும். மழுங்கின பிட்டைத் தொடவே தொடாதே.

சிலாம்பைத் தூளுக்குள் தேடி எடுத்துவிட்டேன். வரியோடு வரி பொருந்த வைத்து, பசை பூசி இறுக்கியிருக்கிறேன். நாளைக் காலை கிளாம்ப் கழற்ற வேண்டும், கைக்கு இப்போதே பதற்றமாக இருக்கிறது. அந்தக் கதவு நிலையில்தானே அப்பா எங்கள் உயரத்தைக் கீறி வைத்தவர். உன்னுடைய கீறலும் இருக்கிறது மச்சான். அந்தத் துண்டில் உளி படவே விடவில்லை, மேசையின் உட்பக்கம் வருகிறது.

வரும்போது கூரான அரை அங்குல பிட் ஒன்று வாங்கி வா, காசு தருகிறேன்.

உன்
மச்சான்