பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய போட்டோக்களை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பாட்டுடன் ஸ்லைடு ஷோவாகச் செய்வது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். ஒரு படத்துக்கு மூன்று விநாடி போதும், துள்ளலான பாட்டாகப் போடுங்கள் என்று அதில் இருந்தது. அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

எங்கள் அம்மா அப்பாவுக்கு 1974இல் கல்யாணம். 2024இல் ஐம்பதாவது வருஷத்தைச் சொந்தபந்தங்களோடு கொண்டாட நினைத்தோம். 120 படங்களை ஸ்கேன் செய்து, ஓப்பன்ஷாட் என்ற இலவச மென்பொருளில் அடுக்கி, ஒரு சினிமாப் பாட்டை ஏற்றி, ஆறே நிமிடத்தில் முடியும்படி செய்தேன். முன்னோட்டமாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டினால், பத்தாவது படத்திலேயே "ஏட்டி, நிப்பாட்டு. அது யாரு, செங்கோட்டைச் சித்தியா?" என்றார். நிறுத்திச் சொன்னேன். அடுத்த நிமிடம் மறுபடி "நிப்பாட்டு". பாட்டுச் சத்தத்தில் அவர் கேட்பது எனக்குப் புரியவில்லை, நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை.

ஆல்பத்தை யாரும் மௌனமாகப் பார்ப்பதில்லை. இது யாரு, இந்தச் சேலை எங்கே எடுத்தது, இவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பேசி முடித்த பிறகுதான் பக்கம் புரளும். அந்தப் பேச்சுக்கு நான் இடமே வைக்கவில்லை.

66 படங்களை எடுத்துவிட்டேன். மீதி 54க்கும் தலா எட்டு விநாடி. கல்யாண குரூப் போட்டோவுக்கு மட்டும் இருபது விநாடி, ஏனென்றால் அதில் இருபத்திரண்டு பேர் நிற்கிறார்கள். சினிமாப் பாட்டுக்குப் பதில் நாதஸ்வரம், அதுவும் பக்கத்தில் பேசுபவர் குரல் கேட்கும் அளவுக்குத்தான்.

அப்புறம்தான் அம்மா பரணில் இருந்த கேசட்டுகளை ஞாபகப்படுத்தினார். மாமா துபாயில் இருந்தபோது வீட்டில் ஆளாளுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவோம், அவரும் பேசி அனுப்புவார். அவர் ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்தவை நான்கு. இரண்டில் பூஞ்சை பிடித்திருந்தது. மூன்றாவதில், 1988இல் ஆச்சி பேசியது முழுசாக இருந்தது.

டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து எங்கள் பழைய டெஸ்க்டாப்பின் பின்பக்கம் இருக்கும் நீல நிறத் துளைக்கு ஒரு ஆடியோ ஒயர் மாட்டினால் போதும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்தேன். பேச்சு இல்லாமல் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தை அதற்கு அடையாளம் காட்டிவிட்டால், அந்த இரைச்சலைப் பதிவு முழுவதும் குறைத்துவிடுகிறது. ஆசைப்பட்டு ரொம்பக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் குறிப்பில் விட்டுப்போன இன்னொன்றும் உண்டு. ஓப்பன்ஷாட்டில் வேலையை அவ்வப்போது சேமிக்கும் ஃபைலில் படங்கள் இருக்காது. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும்தான் இருக்கும். இது தெரியாமல் அதை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போய்த் தம்பியின் லேப்டாப்பில் திறந்தேன். படங்களைக் காணோம் என்று எச்சரிக்கை வந்தது. விழாவுக்கு முந்தின இரவு அது! எம்பி4 வீடியோவாக ஏற்றுமதி செய்து, அதைத்தான் எடுத்துப் போக வேண்டும். வீடியோ செய்ய விண்டோஸ் மூவி மேக்கர் என்ற பழைய இலவச மென்பொருளைத் தேடுகிறவர்களையும் எச்சரியுங்கள். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் போலி மென்பொருள் கொடுத்துக் காசு பறிக்கும் தளம் பற்றி அதே ஆண்டு ஈசெட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்தது.

விழாவில் ஆச்சியின் படம் வந்ததும் நாதஸ்வரம் அடங்கி அவர் குரல் வந்தது. "வேளாவேளைக்குச் சாப்பிடுதியாப்பா?" என்றார். முப்பத்தாறு வருஷத்துக்கு முன் துபாயில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்ட மாமா, எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அந்தப் படத்துக்கு நாற்பது விநாடி கொடுத்திருந்தேன். அதுவும் போதவில்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையைப் படத்துடன் உங்கள் இணைப்பில் வெளியிடுங்கள். மழைக்காலம் வருவதற்குள் வந்தால் நல்லது. பூஞ்சை பிடிக்காத கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.